நிகான் டி600: தூசி என்று பெயர் வைத்ததால் வந்த வினை

நீல வானத்தை எஃப்/16-இல், அதாவது லென்ஸின் துளையை நன்றாகச் சுருக்கி, எடுத்த ஒரு படம். கணினியில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால், மேல் இடது மூலையில் மிளகைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள். சில புள்ளிகளின் விளிம்பு கோணல்மாணலாக இருக்கும். அது உலர்ந்த துகள். சில புள்ளிகள் காம்பஸ் வைத்து வரைந்தது போன்ற வட்டம். ஓரம் கறுத்து, நடுவில் கொஞ்சம் வெளுத்திருக்கும். அது திரவத்துளி. படத்தைப் பதிவு செய்யும் சென்சார் மேல் எண்ணெய் தெறித்திருக்கிறது என்பதை இந்த வட்டத்தை வைத்தே சொல்லிவிடலாம். நிகான் டி600 கேமரா வாங்கிய பலர் முதல் ஆயிரம் படங்களுக்குள் பார்த்தது இதைத்தான்.

டி600 அறிமுகமானது 2012 செப்டம்பர் 13 அன்று. 24.3 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ ஃபிலிம் அளவு) சென்சார், அமெரிக்காவில் லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும் சுமார் 2,100 டாலர். அதே ஆண்டு வந்த டி800-ஐவிட 900 டாலர் குறைவு. ஃபுல் ஃப்ரேமுக்காகப் பல வருடம் காசு சேர்த்தவர்களுக்கான கேமரா அது. குறிப்பாக இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் விரும்பி வாங்கினார்கள். இந்தக் குறை அதிகம் படுத்தியதும் அவர்களைத்தான்.

காரணம் எளிய கணக்கு. புள்ளி உட்காருவது பிக்சல்கள் மேல் அல்ல. அவற்றுக்கு முன்னால் மூடிபோல் இருக்கும் லோ-பாஸ் ஃபில்டர் என்ற மெல்லிய கண்ணாடியின் மேல். அந்த இடைவெளி 2 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். அதை எஃப் எண்ணால் வகுத்தால் நிழல் எவ்வளவு கலங்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். துளை அகலமாகத் திறந்த எஃப்/2.8-இல் 0.7 மி.மீ; டி600-இன் பிக்சல் கணக்கில் ஏறக்குறைய 120 பிக்சல் அகலத்துக்கு நிழல் பரவிக் கரைந்துவிடும். எஃப்/22-இல் 0.09 மி.மீ, அதாவது சுமார் 15 பிக்சல். நிழல் கூராக விழும். அதனால்தான் கல்யாணத்தில் எஃப்/2.8-இல் எடுப்பவர் புள்ளியே இல்லை என்று சத்தியம் செய்வார், கடற்கரையில் எஃப்/16-இல் எடுப்பவர் தலையில் கைவைத்துக்கொள்வார். இருவர் சொல்வதும் உண்மை.

டி600 மட்டும் என்ன பாவம் செய்தது, எல்லா டிஜிட்டல் எஸ்எல்ஆரிலும் தூசி விழத்தானே செய்யும் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் வெளித்தூசி லென்ஸைக் கழற்றும்போது நுழைவது. சென்சார் முழுக்க ஏறக்குறையச் சமமாகச் சிதறும். டி600-இல் லென்ஸைக் கழற்றாமலே புள்ளிகள் பெருகின, அதுவும் ஒரே மூலையில் குவிந்தன. துடைத்த பிறகும் அதே மூலையில் திரும்ப வந்தன. சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டர் இதழ்கள் ஒவ்வொரு முறை ஓடும்போதும் உள்ளிருந்தே எதையோ உதிர்க்கின்றன, தெறிக்கின்றன என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வர வழியில்லை.

இதைச் சோதிக்கும் முறை இன்றைக்கும் எந்தக் கேமராவுக்கும் பொருந்தும். ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் ப்ரையாரிட்டி, எஃப்/16 அல்லது எஃப்/22, எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் +1. ஃபோகஸை மேனுவலில் போட்டு, வேண்டுமென்றே தப்பாக வையுங்கள். வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ எடுங்கள். ஷட்டர் வேகம் அரை வினாடிக்கு இறங்கினாலும் கவலையில்லை. கேமராவை லேசாக அசைத்தால் இன்னும் நல்லது. சுவரில் உள்ள கறை கலைந்துவிடும், சென்சார் மேல் உள்ள புள்ளி மட்டும் இடம் மாறாமல் நிற்கும். மென்பொருளில் ஆட்டோ லெவல்ஸ் கொடுத்தால் மங்கிய புள்ளியும் எழுந்து வரும். இது முதல் படம், பத்திரமாக வையுங்கள். பிறகு லென்ஸைத் தொடாமல் தொடர் ஓட்டத்தில், அதாவது பட்டனை அழுத்திப் பிடித்தபடி, படம் எடுத்துத் தள்ளுங்கள். டி600 வினாடிக்கு 5.5 படம் எடுக்கும். 200 படத்துக்கு ஒரு தடவை அதே வெள்ளைச் சுவரை எடுத்து எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் படத்துக்குள் விடை தெரிந்துவிடும். ஷட்டர் 1,50,000 இயக்கங்களுக்குச் சோதிக்கப்பட்டது என்பதால் ஆயிரம் என்பது ஒரு சதவீதம்கூட இல்லை, தயங்க வேண்டாம்.

இனி நிகான் என்ன சொன்னது என்று பார்ப்போம். விற்பனைக்கு வந்து ஐந்து மாதம் கழித்து, 2013 பிப்ரவரியில், முதல் தொழில்நுட்ப அறிவிப்பு வந்தது. சிலருடைய படங்களில் பல கரும்புள்ளிகள் தெரிவதாகத் தெரியவந்திருக்கிறது, தூசியை முற்றிலும் தவிர்ப்பது சாத்தியமில்லை, கையேட்டில் உள்ளபடி சென்சாரைச் சுத்தம் செய்து பாருங்கள், ப்ளோயரால் (காற்றடிக்கும் ரப்பர் பந்து) ஊதிப் பாருங்கள், போகவில்லை என்றால் சர்வீஸ் சென்டரை அணுகுங்கள். சாரம் இவ்வளவுதான்.

தூசி என்ற அந்த ஒரு சொல்தான் அடுத்த ஒரு வருடத்தைக் கெடுத்தது. கேமராவை ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் லோ-பாஸ் ஃபில்டரை அதிரவைக்கும் வசதி டி600-இல் உண்டு. உலர்ந்த துகள் அதில் உதிரும், எண்ணெய்த்துளி அசையாது. ரப்பர் ப்ளோயரால் ஊதினாலும் அதே கதைதான். பிசுக்கின் மேல் புதுத் தூசி வந்து ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம். ஆக, சொன்னபடி செய்தவர்கள் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினால் துடைத்துக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து சில நூறு படம் எடுத்தால் மூலையில் மறுபடி புள்ளி. விடாமல் போராடிய சிலருக்கு ஷட்டரையே மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அது எல்லோருக்குமான வழி என்று யாரும் அறிவிக்கவில்லை. முதல் சில ஆயிரம் படம் தாண்டினால் தானாக நின்றுவிடும் என்ற ஆறுதலும் உலவியது. சிலருக்கு நின்றது, பலருக்கு நிற்கவில்லை.

ஈரத்துடைப்புதான் எண்ணெய்க்குச் சரியான வழி. கையேடு லோ-பாஸ் ஃபில்டரைத் தொடாதே என்கிறது. எனவே கீறல் விழுந்தால் பொறுப்பு உங்களுடையது என்பதை மனதில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள். பாதியில் தீர்ந்தால் சென்சாருக்கு முன்னால் உள்ள மிரர் கீழே இறங்கி, துடைக்கும் குச்சியான ஸ்வாப்பின் மேல் அடிக்கும். செட்டப் மெனுவில் சுத்தம் செய்வதற்காக மிரரைத் தூக்கி நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு, ஷட்டர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்க, ப்ளோயரால் நான்கைந்து முறை ஊதுங்கள். டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்று வேண்டவே வேண்டாம். அதிலிருந்து திரவம் தெறித்து ஃபில்டர் கண்ணாடியில் உறையும். ஊதாமல் துடைத்தால் மணல் துகள் ஒன்று போதும், கோடு விழுந்துவிடும்.

அடுத்தது 24 மி.மீ அகல ஸ்வாப். அதன் விளிம்பில் மெத்தனால் கலந்த சென்சார் திரவம் இரண்டு சொட்டு, மிஞ்சிப்போனால் மூன்று. திரவம் ஊறப் பத்து வினாடி விடுங்கள். இடது ஓரத்தில் வைத்து, பேனா பிடித்து எழுதும் அழுத்தத்தைவிடக் குறைவாக அழுத்தி, வலது ஓரம் வரை ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தக் கூடாது. ஸ்வாப்பைத் திருப்பி மறுபக்கத்தால் திரும்பி வாருங்கள். அவ்வளவுதான், அதைத் தூக்கிப் போடுங்கள். எண்ணெய் என்றால் முதல் ஸ்வாப் பெரும்பாலும் அதைக் கலைத்து ஓரத்துக்குத் தள்ளியிருக்கும்; சோதனைப் படத்தில் புள்ளி போய் மெல்லிய கோடாகத் தெரியும். பயப்பட வேண்டாம், இரண்டாவது, மூன்றாவது ஸ்வாப்பில் போய்விடும். மெத்தனால் விஷம், தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எந்த இடத்தில் துடைக்கிறோம் என்பதில் பலர் குழம்புகிறார்கள். பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தில் மேல் இடது மூலையில் உள்ள புள்ளி, கேமராவை எதிரிலிருந்து பார்க்கும்போது சென்சாரின் கீழ் இடது மூலையில் இருக்கும்.

ஏற்கெனவே எடுத்த படங்களுக்கு ஒரு சின்ன உதவி: புள்ளி இடம் மாறாது என்பதால், லைட்ரூம் மென்பொருளில் ஒரு படத்தில் வைத்த திருத்தத்தை அதே நாளில் எடுத்த மற்றப் படங்களுக்கும் ஒத்திசைக்கலாம். வானத்தில் கச்சிதமாக வேலை செய்யும். செங்கல் சுவர், இலை, முகம் வரும் இடங்களில் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத்தான் வேண்டும். இந்த வேலைக்கு ஆகும் நேரத்தை எந்த அறிவிப்பும் கணக்கில் எடுக்கவில்லை.

2013 அக்டோபரில் டி610 வந்தது. அதே சென்சார் அளவு, அதே மெகாபிக்சல். மாற்றம் என்று சொல்லிக்கொள்ள இருந்தவை புதிய ஷட்டர் அமைப்பு, 5.5-க்குப் பதில் வினாடிக்கு 6 படம், சத்தம் குறைந்த தொடர் ஓட்டம், மேம்பட்ட ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். பதின்மூன்று மாதத்தில், ஷட்டரை மட்டும் மாற்றி, புதுப்பெயர். டி600 வைத்திருந்தவர்களுக்கு இது இரட்டை அடி. தங்கள் கேமராவின் கோளாறு எங்கே இருக்கிறது என்பது உறுதியானது. அதேசமயம் செகண்ட் ஹேண்ட் விலையும் சரிந்தது. நிகான் செய்ததில் எனக்கு மன்னிக்கவே முடியாதது இதுதான். தீர்வு கையில் இருந்தும், ஏற்கெனவே காசு கொடுத்தவர்களுக்கு அதைத் தராமல், புதிதாக வருபவர்களுக்கு விற்றார்கள்.

அமெரிக்காவில் சட்ட நிறுவனங்கள் டி600 உரிமையாளர்களைத் திரட்டத் தொடங்கிய பிறகு, 2014 பிப்ரவரி 26 அன்றுதான் சரியான அறிவிப்பு வந்தது: உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் கேமராவைப் பரிசோதித்து, சுத்தம் செய்து, ஷட்டரையும் அதைச் சார்ந்த பாகங்களையும் இலவசமாக மாற்றித் தருவோம். அறிமுகமாகிப் பதினேழு மாதம் ஆகியிருந்தது. அப்போதும் அறிவிப்பில் இருந்த சொல் தூசிதான்.

சில நாட்களில் சீனாவில் நிலைமை கைமீறியது. மார்ச் 15, நுகர்வோர் உரிமை நாள். சீன அரசுத் தொலைக்காட்சியான சிசிடிவி ஒவ்வொரு ஆண்டும் அன்றிரவு நிறுவனங்களின் குறைகளை அம்பலப்படுத்தும் நிகழ்ச்சியை நடத்தும். 2014-இல் அதில் டி600 சிக்கியது. புள்ளிகளுக்குக் காரணம் காற்றுமாசு என்று சர்வீஸ் ஊழியர்கள் வாடிக்கையாளரிடம் சொன்னது நாடு முழுக்கப் போனது. உடனே ஷாங்காய் நிர்வாகம் டி600 விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. அந்த மாதக் கடைசியில் நிகான் உலகம் முழுவதற்குமாக இன்னும் இறங்கிவந்தது: அனுப்பும் செலவும் எங்களுடையது, பலமுறை சரிசெய்தும் தீராவிட்டால் புது டி600 அல்லது அதற்கு நிகரான மாடல் தருகிறோம். டி610 கையில் கிடைத்தவர்கள் உண்டு.

இதே நிறுவனம் பின்னால் வந்த இன்னொரு கேமராவில் எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2014 செப்டம்பரில் வந்த டி750-இல், படத்தின் எல்லைக்குச் சற்று மேலே வலுவான ஒளி இருந்தால் படத்தின் மேற்பகுதியில் குறுக்கே கறுத்த பட்டையோடு ஃபிளேர் என்ற ஒளிச்சிதறல் விழுந்தது. டிசம்பர் இறுதியில் நிகான் ஒப்புக்கொண்டது. ஜனவரியில் சீரியல் எண்ணைப் போட்டுப் பார்க்கும் பக்கத்தைத் திறந்து, இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. சரிசெய்யப்பட்ட கேமராவின் ட்ரைபாட் துளைக்குள் ஒரு கரும்புள்ளி வைத்தார்கள். கடையில் பெட்டியைத் திறந்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலே விவரம் தெரிந்துவிடும். நான்கு மாதத்தில் முடிந்த வேலை. டி600-க்கும் இதைச் செய்திருக்க முடியும்.

இன்று செகண்ட் ஹேண்டில் டி600 மலிவாகக் கிடைக்கிறது. சென்சார் இப்போதும் அருமையானது. ஷட்டர் மாற்றிய சர்வீஸ் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விற்பவர் எதிரிலேயே வெள்ளைச் சுவர்ப் படம் ஒன்று, தொடர் ஓட்டத்தில் 500 படம், மறுபடி வெள்ளைச் சுவர். மெமரி கார்டையும் மடிக்கணினியையும் நீங்களே கொண்டுபோங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேல் இடது மூலையைப் பாருங்கள். புதிதாக ஒன்றிரண்டு என்றால் துடைத்துச் சமாளிக்கலாம். பத்துப் பன்னிரண்டு வட்டப்புள்ளிகள் முளைத்திருந்தால், அது பழைய ஷட்டர். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.