சுவரில் ஊர்ந்த சாம்பல் விதை: ஒரு சின்ன அந்துப்பூச்சியின் பெயரைத் தேடிப் போன அனுபவம்

முதலில் பார்த்தபோது அதற்கு உயிர் இருக்கும் என்றே தோன்றவில்லை. சுவர் மூலையில், வெள்ளரி விதை அளவில், இரண்டு முனையும் குறுகி நடுவில் அகன்று, சிமெண்ட் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. காரை பெயர்ந்து நிற்கிறது என்று நினைத்து விரலால் தட்டிவிடப் போனேன். அதற்குள் ஒரு முனையிலிருந்து பழுப்புத் தலை ஒன்று வெளியே வந்தது, ஆறு குட்டிக் கால்களால் சுவரைப் பிடித்தது, பின்னால் இருந்த மொத்தக் கூட்டையும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது. அன்றைக்கு அரை மணி நேரம் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குளியலறைச் சுவரிலும் அலமாரிக்குப் பின்னாலும் இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், பெருக்கித் தள்ளியும் இருப்பீர்கள். நானும் அதுவரை அப்படித்தான் செய்துவந்தேன்.

பெயர் கண்டுபிடிக்கலாம் என்று உட்கார்ந்தபோது முதலில் கிடைத்தது தவறான பெயர். கூடு சுமக்கும் புழு என்று தேடினால் எங்கு பார்த்தாலும் பைப்புழுக்கள்தான் வருகின்றன, அதாவது சைகிடே குடும்பம். இலைத் துணுக்குகளையும் குச்சிகளையும் ஒட்டிக்கொண்டு செடியில் தொங்குமே, அவை. ஆனால் அவை பெரும்பாலும் இலை தின்பவை, என்னுடையது இலை இல்லாத சுவரில் வாழ்கிறது. அடுத்து வந்தது துணி அந்து, டினியா பெல்லியோனெல்லா. அதுவும் கூட்டோடு திரியும், அதுவும் வீட்டுக்குள் இருக்கும், அதனால் இதுவேதான் என்று இரண்டு நாள் நம்பிவிட்டேன். பிறகு ஒரு காலிக் கூட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்ததும் சந்தேகம் வந்தது. துணி அந்தின் கூடு குழாய் மாதிரி உருண்டையாக இருக்கும். என் கையில் இருந்ததோ இரண்டு தட்டைத் துண்டுகளை விளிம்போடு விளிம்பு ஒட்டியது போல இருந்தது. நீளம் 11 மில்லிமீட்டர், நடுவில் அகலம் 4. வெளியே மணல், தூசி, சுண்ணாம்புத் துகள், நூல் பிசிறு. உள்ளே பிரித்துப் பார்த்தால் வழவழவென்று வெள்ளைப் பட்டு.

அந்தத் தட்டை வடிவம்தான் வழி காட்டியது. துணி அந்து சேர்ந்த டினெயிடே குடும்பத்திலேயே ஃபெரியீக்கா என்ற பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி, இருக்கிறது. கிரேக்கத்தில் வீட்டைச் சுமப்பது என்று பொருள்படும் சொல்லை ஒட்டி வந்த பெயர், 1956இல் ஹின்டன், பிராட்லி என்ற இருவர் வைத்தது. சரி, கண்டுபிடித்தாயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குள் இரண்டு இனங்கள் வந்து நின்றன. ஒன்று 1892இல் ரெபெல் விவரித்த அல்லுட்டெல்லா. மற்றொன்று 1897இல் வால்சிங்ஹாம் விவரித்த யூட்டெரெல்லா. வளர்ந்த பூச்சியின் படங்களில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி: சாம்பல் நிறம், முன் இறக்கையில் மூன்று நான்கு கரும்புள்ளிகள், தலையில் கலைந்த முடி, பின் இறக்கையின் ஓரத்தில் நீண்ட மயிர்க்குஞ்சம். ஒரே படத்தை ஓரிடத்தில் ஒரு பெயரிலும் இன்னோரிடத்தில் மற்ற பெயரிலும் போட்டிருக்கிறார்கள். படத்தோடு படம் வைத்து ஒப்பிட்டே மூன்று வாரம் போனது. பூச்சிகள் பற்றிப் படிக்கிற ஒரு தோழியிடம் நல்ல வெளிச்சத்தில் எடுத்த பன்னிரண்டு படங்களை அனுப்பினேன். அவள் பதில் இரண்டே வரி: "பேரினம் வரைக்கும் சரி. அதுக்கு மேல அறுத்துப் பார்க்காம யாரும் உறுதியா சொல்ல முடியாது."

அறுப்பது என்றால் வயிற்றுப் பகுதியைத் தனியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, மென்சதை எல்லாம் கரைந்த பின் மிஞ்சும் இனப்பெருக்க உறுப்புகளின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது. ஆணில் பற்றிக்கொள்ளும் கொக்கிகள் எப்படி வளைந்திருக்கின்றன என்பதில்தான் இனங்கள் பிரிகின்றன. இவ்வளவு சின்னப் பூச்சியில் இதைச் செய்ய என்னிடம் கருவியும் இல்லை, கையும் பழகவில்லை. அப்போது தோழி சொன்னதுதான் எனக்கு உண்மையில் உதவியது: "பெயர் பிறகு வரட்டும், முதலில் அதை வளர்த்துப் பாரு."

மூடியில் துளையிட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றை எடுத்து, மேலே மெல்லிய துணி கட்டி, ஐந்து கூடுகளை உள்ளே விட்டேன். சாப்பாட்டுக்கு என்ன போடுவது? இதைப் பற்றி விரிவாக எழுதியவர் ஆனெட் ஆயெல்லோ, 1979இல், பனாமாவில் அல்லுட்டெல்லாவை வளர்த்துப் பார்த்தவர். அந்த வகைப் பதிவுகளிலிருந்து தெரிந்துகொண்டது இதுதான்: ஒட்டடை, செத்த பூச்சி, உதிர்ந்த முடி, கம்பளி இழை. பருத்தித் துணியைத் தின்னாது. ஆக, நம் சட்டையை அரிக்கிறது என்று இதைக் கொல்பவர்கள் ஒட்டடை அடித்தாலே போதும். ஜன்னலோரத்தில் செத்துக் கிடந்த ஈக்களையும் ஒரு கொத்து ஒட்டடையையும் போட்டேன். மறுநாள் காலை ஈயின் இறக்கை மட்டும் மிச்சம்.

இரண்டாவது வாரம் சலித்த செங்கல் பொடி ஒரு சிட்டிகை தூவிவைத்தேன். ஒவ்வொன்றும் பொடித் துகளைத் தேர்ந்து, வாயால் எடுத்து, பட்டில் நனைத்து முனையில் ஒட்டுவதைப் பூதக்கண்ணாடிக்குள் பார்த்தேன். பத்து நாளில் சாம்பல் கூட்டின் இரு முனையிலும் சிவப்புக் கரை வந்துவிட்டது. இரு முனையும் என்றது முக்கியம், ஏனென்றால் இதற்கு முன் வாசல், பின் வாசல் என்று கிடையாது. எந்தப் பக்கம் தொந்தரவு செய்தாலும் உள்ளே திரும்பி மறு பக்கமாக வந்துவிடும், திரும்ப இடம் வேண்டும் என்பதற்குத்தான் நடுவில் அந்த அகலம். முனையைத் தொட்டால் கூட்டின் கீழ் விளிம்பை மேலே இழுத்து வாசலை அடைத்துக்கொள்ளும், ஊசி முனையால்கூட எனக்குத் திறக்க வரவில்லை. தலைக்கு அடுத்த வளையங்களில் கருத்த தடித்த தகடுகள் இருக்கின்றன, மற்ற உடம்பு வெள்ளை. வெளியே நீட்டும் பகுதிக்கு மட்டும் கவசம்! இதைப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அப்புறம் ஒன்று மூடியில் ஏறி, இரு முனையையும் பட்டால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. கவனித்துப் பார்த்தால் ஒரு முனையின் இரு ஓரத்திலும் சிறு வெட்டு இருந்தது, அதனால் அந்த முனை மட்டும் தட்டையாகிக் கதவு போல ஆகிவிட்டிருந்தது. பதின்மூன்றாம் நாள் உச்சிவேளையில் பார்க்கும்போது, அந்தக் கதவு வழியாகக் கூட்டுப்புழுவின் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ஆறு மில்லிமீட்டர் சாம்பல் பூச்சி, இறக்கையைக் கூரை போல மடித்துக்கொண்டு. புள்ளிகள் இருந்தன, தலையில் கலைந்த முடி இருந்தது. பேரினத்தில் எனக்கிருந்த கடைசி சந்தேகமும் போய்விட்டது.

இன்னொரு கூட்டிலிருந்து வந்தது அந்துப்பூச்சி இல்லை, மெல்லிய கருங்குளவி. தோழியிடம் காட்டியதற்கு பிரகோனிட் குடும்பம் என்றாள், புழுவுக்குள்ளேயே வளர்ந்து அதைத் தின்று வெளியே வருபவை. அத்தனை கவசமும் கதவும் இருந்தும் உள்ளே புகுந்துவிடுகிறதே என்று அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தது.

வளர்ந்த பூச்சியை அறுக்க அனுப்பலாம் என்று தோழி கேட்டாள். முதலில் வந்ததை என்னால் கொல்ல முடியவில்லை, ஒரு சிலந்தி வலைக்குப் பக்கத்தில் விட்டேன், அது வலையிலேயே போய் ஒட்டாமல் உட்கார்ந்தது. இந்தப் பூச்சிகளுக்கு அது வழக்கமான இடமாம். இரண்டாவது வந்தது தானாகவே செத்தது. அதை அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து அனுப்பினேன், போகும் வழியில் வயிறு உடைந்து பொடியாகிவிட்டது. பார்க்க வேண்டிய பகுதியே அதுதான். இனிமேல் பஞ்சு வேண்டாம், மெல்லிய காகித உறையில் மடித்துச் சின்னக் குப்பிக்குள் போடு என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் அனுப்பினாலும் அப்படியே செய்யுங்கள், காலிக் கூட்டையும் அதே எண் போட்டுக் கூட வையுங்கள்.

என் குறிப்பேட்டில் இப்போது "ஃபெரியீக்கா, இனம் உறுதியாகவில்லை" என்றுதான் எழுதியிருக்கிறேன். பெட்டியில் இன்னும் இரண்டு கூடுகள் மிச்சம். அதில் செங்கல் கரை போட்ட ஒன்று நேற்று முன்தினம் மூடிக்கு ஏறியது, இன்று காலை ஒரு முனை தட்டையாகியிருந்தது.