வரிசையில் வரும் விளக்குகள்

இருட்டும் நேரத்தில் அண்ணாந்து பார்த்தால் ஒரே கோட்டில் நான்கு விளக்குகள். நான்கும் தரையிறங்க வரும் விமானங்கள்.

அசையாமல் தொங்குவது போலத்தான் தெரிந்தன. வருவதோ மணிக்குக் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டரில்!

நடுவில் பொதுவாகக் குறைந்தது 3 கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர் விடுவார்கள். முன்னால் ஏ380 என்ற மிகப் பெரிய பயணிகள் விமானம் போனால், பின்னால் வரும் சின்ன விமானத்துக்கு 8 கடல் மைல் வேண்டும். பெரியதன் இறக்கை நுனிகள் விட்டுப்போகும் காற்றுச்சுழல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சின்னதைப் புரட்டிவிடும்.

பிரேக் போட்டு நிற்க முடியாத வரிசை இது. அதனால்தான் '4 மைல் வரை 160 நாட்' என்று, அதாவது ஓடுபாதைக்கு 4 கடல் மைல் இருக்கும் வரை மணிக்கு 160 கடல் மைல் என்று, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேகத்தையே சொல்லிவிடுகிறார். முன்னால் இருப்பவர் அவசரப்பட்டுக் குறைத்தால் பின்னால் வருபவருக்கு இடைவெளி போச்சு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது விளக்கு இறங்காமல் மேலே ஏறியது. சரி, இன்னொரு சுற்று.