பன்றிக் காவலும் காணிக்காரரின் கடிதமும்

இலங்கையின் வடக்கே வன்னியில் முதன்முதலாக வயல் செய்யப் போகிறவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "பன்றிக்கு என்ன செய்யப் போறீர்?" என்பதுதான். விதை, உரம், தண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒட்டுசுட்டான் பக்கம் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் நான் பார்த்து வைத்த வயலுக்கு ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் காடு. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பன்றி இறங்கினால் தின்பது கொஞ்சம், உழக்கிச் சாய்ப்பதுதான் அதிகம். சரி, ஒரு துவக்கு (துப்பாக்கி) எடுத்தால் போச்சு என்று நினைத்துத்தான் விசாரிக்கத் தொடங்கினேன்.

துவக்குக் கதை வெள்ளைக்காரன் காலத்தது. 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. அனுமதிப்பத்திரம் ஆளின் பெயரில்தான் வரும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். விதானையாரின் (கிராம அலுவலர்) சிபாரிசு, பொலிஸ் அறிக்கை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டுதான் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போக வேண்டும். கிடைத்தாலும் அது பயிர்க் காவலுக்கு மட்டும்தான். மான், மரை பக்கம் திருப்ப முடியாது; 1937 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு இருந்தபோது விதானையார் கேட்டார்: "காணி உம்மட பேரிலயோ?" இல்லை, குத்தகை என்றேன். "அப்ப காணிக்காரற்ற கடிதம் எங்க?"

பக்கத்து வயல் அண்ணையிடம் அனுமதி உள்ள சொட்கன் ஒன்று இருக்கிறது. ஒரு இரவுக்கு இரவல் தருவாரோ என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "தம்பி, இது என்ர பேரில கிடக்கு. உம்மட்டத் தந்தன் எண்டால் ரெண்டு பேரும் உள்ளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். இடியன் (நாட்டுத் துவக்கு) ஒன்று செய்து தரவா என்று கேட்டவர்களும் உண்டு. கட்டுத்துவக்கு (கம்பியில் தட்டுப்பட்டால் வெடிக்கும் பொறி), கரண்ட் கம்பி என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. எல்லாமே சட்டவிரோதம். அதைவிட, இரவில் அந்த வரம்பால் வருவது பன்றியா, மாடு தேடி வரும் மனிதனா என்று கம்பிக்குத் தெரியாது.

ஆக, கடிதத்தில் வந்து நின்றது. துவக்குக்கு மட்டுமல்ல, உர மானியத்துக்கும் காப்புறுதிக்கும் கமநல சேவை நிலையத்தில் (கமக்காரருக்கான அரச அலுவலகம்) கேட்பதும் அதே கடிதத்தைத்தான்.

இங்கே புதிதாக வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடியேற்றத் திட்டத்தில் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியும் உறுதிக் காணியும் (சொந்தப் பத்திரம் உள்ள காணி) ஒன்றல்ல. முந்தியது 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. அதைத் தன் எண்ணத்துக்குக் குத்தகைக்கு விட அனுமதிப்பத்திரக்காரருக்கு இடமில்லை. வாய்ப்பேச்சில் தாராளமாகத் தருவார்கள், எழுதித் தா என்றால் முகம் மாறிவிடும். முதலில் எனக்குச் சொல்லப்பட்ட காணி அப்படியானது. விட்டுவிட்டு, சற்றுத் தள்ளி உறுதி உள்ள வயலாகப் பார்த்தேன்.

அந்தக் காணிக்காரர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊரில் எல்லோருக்கும் மாஸ்டர். வயலைச் செய்யச் சொன்னார், குத்தகையும் பேசி முடித்தார். கடிதம் என்றதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். "தம்பி, நான் எழுதித் தந்து, நாளைக்கு நீர் காணியை விட்டு எழும்ப மாட்டன் எண்டால் நான் எங்க போறது?"

அவருடைய பயத்தைக் குறை சொல்ல முடியாது. அப்போதைய விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தில் இருந்து, 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை, குத்தகை விவசாயியை லேசில் எழுப்ப முடியாதபடிதான் சட்டம் போயிருக்கிறது. உழுகிறவனுக்கு அது பெரிய காவல்தான். ஆனால் அதே காவலுக்குப் பயந்துதான் காணிக்காரர்கள் எழுத்தில் எதையும் தர மறுக்கிறார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் வெள்ளம் வந்தாலும் யானை வந்தாலும் நட்டம் முழுவதும் உழுதவன் தலையில்.

நான் வாதாடவில்லை. அவர் விருப்பப்படியே எழுதுவோம் என்றேன். வயலின் பெயர், பரப்பு, உறுதி இலக்கம், இரண்டு பேரின் அடையாள அட்டை இலக்கம், குத்தகைத் தொகை, ஒரு காலபோகத்துக்கு (மாரிப் போகம்) மட்டும் என்ற வரி, மானியமும் காப்புறுதியும் பயிர் செய்கிறவருக்கு என்ற வரி. மாஸ்டர் தன் கையால் இன்னும் ஒன்று சேர்த்தார்: வரம்போரம் நிற்கும் இரண்டு மருதமரங்களிலும் கத்தி படக்கூடாது. காணி போய்விடும் என்ற பயத்தைவிட அந்த மரங்களைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். அப்புறம் அடுத்த கிழமை பஸ்ஸில் வந்து, விதானையார் முன்னால் கையெழுத்து வைத்தார்.

கடிதம் கைக்கு வந்த பிறகு மற்ற வேலை இலகுவாக நடந்தது. கமக்காரர் அமைப்பில் சேர்ந்து, உறுதிப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி எல்லாம் கொடுத்துப் பதிந்தேன். நாட்டில் பயிர்க் காப்புறுதி 1958 இலேயே தொடங்கிவிட்டது. இப்போதுள்ள இலவசத் திட்டம் 2018 இல் வந்தது. நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா ஆகிய ஆறு பயிருக்கும் ஏக்கருக்கு 40,000 ரூபா வரை என்று அப்போது அறிவித்தார்கள். வறட்சி, வெள்ளம், காட்டு யானை ஆகிய மூன்றுக்கும் அது பொருந்தும் என்றார்கள். பன்றி அந்தப் பட்டியலில் இல்லை! நான் சிரித்தேன், கமநல நிலையத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கச்சி சிரிக்கவில்லை. காலபோகக் கூட்டத்தில் குறித்த திகதிக்குள் விதைத்துவிடுங்கள், சேதம் வந்தால் உடனே அறிவியுங்கள், நாங்கள் பார்க்கும்வரை வயலைத் திருத்தாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அது தை மாதம் உதவியது. பன்றிக்குக் காவல் இருந்த வயலில் யானை இறங்கியது. காட்டுப்பக்க மூலை மட்டும் போனது. நடுவில் சட்டி அகலத்துக்குக் காலடிகள், அதற்குள் தண்ணீர். விடிந்ததும் படம் எடுத்து அறிவித்தேன். வந்து அளந்தார்கள். பணம் அறுவடை முடிந்து பல மாதத்துக்குப் பிறகுதான் வந்தது. போன நெல்லின் விலைக்கு ஈடில்லை, ஆனால் உழவுக் கூலிக்குக் காணும்.

இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். உழவு இயந்திரத்தை வயலில் இறக்குவதற்கு முன்னமே கடிதத்தை வாங்கிவிடுங்கள். உழுது முடித்துவிட்டுக் கேட்டால், எழுதிக் கொடுக்க அவருக்கு அவசரம் இருக்காது.

துவக்கு விண்ணப்பம் இன்னும் கோப்பில்தான் இருக்கிறது. காவல்கொட்டிலில் டோர்ச்சும் தகரமும் எனக்கு. பன்றி எல்லை தாண்டி அண்ணையின் வயலுக்குள் கால் வைத்தால், அது அவருடைய வேலை.