636001-ஐ உடைத்த கதை

நேற்று ஏற்காடு பஸ்ஸில் மகள் கேட்டாள்: "அப்பா, நம் சேலம் பின்கோடு 636001 பகா எண்ணா?" பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. ஜன்னலோரம் அமர்ந்து, டிக்கெட்டின் பின்பக்கம் வகுக்கத் தொடங்கினேன். 7 இல்லை, 11 இல்லை, 13 இல்லை. 53-ல் வகுத்தபோது மீதி வெறும் 1. அந்த எரிச்சல் வளைவு தாண்டியும் அடங்கவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்தன, எண் அசையவில்லை.

ராத்திரி பத்து மணிக்குத்தான் பிடிபட்டது: 647 × 983. பகா எண்களின் வரிசையில் 647-க்கு 118-வது இடம்! ஏற்காட்டின் 636601 பரவாயில்லை, 7-லேயே விழுந்துவிட்டது.

ஆறு இலக்கத்துக்கே இந்தப் பாடு. 2024 அக்டோபரில் கண்டுபிடித்த 2^136279841 − 1 என்ற பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதை வகுத்துப் பார்த்துச் சரிபார்க்கவே முடியாது. ஆனால் 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுக்கென்று ஒரு குறுக்குவழி உண்டு. 4-ல் தொடங்கி, வர்க்கமாக்கி 2-ஐக் கழித்து, அந்த எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்; அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்ய வேண்டும். கடைசியில் 0 வந்தால் பகா எண். 31-க்கு, அதாவது 2^5 − 1-க்கு, மகளிடம் செய்து காட்டினேன்: 4, 14, 8, 0. மூன்றே படி.

"அப்போது 636001-க்கும் இதையே செய்திருக்கலாமே?" என்றாள். அது அந்த வகை எண் இல்லையம்மா.