அம்மாவுக்கு ஏஎஃப்: மானிட்டரில் தெரிந்ததிலிருந்து மாத்திரை தொடங்கும் வரை

அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தது நிமோனியாவுக்காக. வயது 72. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல வருடங்களாக உண்டு. இதயத்தில் கோளாறு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. காய்ச்சல் கடுமையாக இருந்த ஒரு ராத்திரி, மானிட்டரில் நாடித்துடிப்பு 140-ஐத் தாண்டியது. நர்ஸ் உடனே ஈசிஜி எடுத்தார். டாக்டர் வந்து தாளைப் பார்த்துவிட்டு, "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமா ஏஎஃப்" என்றார். அம்மாவுக்குப் படபடப்பே தெரியவில்லை. விடிவதற்குள் துடிப்பும் பழையபடி சீராகிவிட்டது.

இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருப்பதுதான் ஏஎஃப். அப்போது ரத்தம் முழுதாக வெளியேறாமல் தேங்குகிறது, அதிலும் இடது மேல் அறையை ஒட்டி இருக்கிற சிறிய பை போன்ற பகுதியில். அங்கே உறைந்த கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1991-லேயே காட்டியிருக்கிறது. படபடப்பு இருந்ததா இல்லையா என்பதை வைத்து இந்த ஆபத்தை எடை போட முடியாது.

மறுநாள் பொட்டாசியம், மெக்னீசியம், தைராய்டு பார்த்தார்கள், எக்கோ எடுத்தார்கள். பெரிதாக எதுவும் இல்லை. "காய்ச்சலால வந்தது, போயிடுச்சு" என்றார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் நிமோனியா மட்டும்தான் இருந்தது. ஏஎஃப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டூட்டி டாக்டரிடம் கேட்டு அதைச் சேர்க்கச் சொன்னேன், அந்த ராத்திரி எடுத்த ஈசிஜியின் நகலையும் வாங்கிக்கொண்டேன். வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று அழுத்திச் சொல்வேன். மானிட்டரில் ஓடியது அப்படியே மறைந்துவிடும். தாளில் இருப்பதை வைத்துத்தான் அடுத்த டாக்டர் முடிவெடுக்க முடியும்.

'வந்தது, போய்விட்டது' என்று விட்டுவிட முடியாததற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வேறு நோய்க்காகவோ, இதயம் சாராத அறுவை சிகிச்சைக்காகவோ சேர்ந்த இடத்தில் முதன்முறையாக ஏஎஃப் தெரியவந்தவர்களை வீட்டுக்குப் போன பிறகும் தொடர்ந்து கண்காணித்த ஓர் ஆய்வு 2023-ல் வெளியானது. ஓராண்டுக்குள் அவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அது மீண்டும் வந்திருந்தது. அதே மாதிரி நோயோடு சேர்ந்து, ஏஎஃப் இல்லாமல் இருந்தவர்களில் அது 5 சதவீதம்தான். காய்ச்சல் அதைக் கிளப்பியிருக்கலாம். ஆனால் கிளம்பக்கூடிய தன்மை இதயத்தில் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

அப்புறம் இதய மருத்துவரைப் பார்த்தோம். நகலைப் பார்த்ததும் அவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை எழுதிவிடவில்லை, காத்திருக்கவும் சொல்லவில்லை. 24 மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியில் ஏஎஃப் சிக்காமல் போக வாய்ப்பு அதிகம் என்று, மார்பில் ஒட்டி இரண்டு வாரம் வைத்திருக்கும் பேட்ச் மானிட்டரைப் போட்டார். அம்மாவுக்கு ஒட்டிய இடத்தில் அரிப்பு இருந்தது, அவ்வளவுதான். தூக்கத்தில் சில மணி நேரம் ஏஎஃப் ஓடியிருந்தது ரிப்போர்ட்டில் வந்தது. இந்த முறை காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை.

சரி, இனி பக்கவாத வாய்ப்பைக் கணக்கிட வேண்டும். அதற்கு சாட்ஸ்-வாஸ்க் என்ற ஸ்கோர் இருக்கிறது. டாக்டர் எங்கள் முன்னாலேயே போட்டுக் காட்டினார். ரத்த அழுத்தத்துக்கு 1, சர்க்கரைக்கு 1, வயது 65 முதல் 74 வரை என்பதால் 1, பெண் என்பதால் 1. மொத்தம் 4. இதயச் செயலிழப்பு, ரத்தக்குழாய் அடைப்பு இரண்டும் அம்மாவுக்கு இல்லை. ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் அதற்கு மட்டுமே 2. பாலினத்துக்கான புள்ளியை ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-ல் எடுத்துவிட்டது. அந்தக் கணக்கில் அம்மாவுக்கு 3. அதில் 2 வந்தாலே பிளட் தின்னர், அதாவது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, பரிந்துரைக்கப்படுகிறது. 75 வயது ஆனதும், புதிதாக எந்த நோயும் வராமலே, இன்னொரு புள்ளி ஏறும்.

எங்களுக்கிருந்த பயம் ரத்தக்கசிவு. அதற்கும் ஹாஸ்-பிளெட் என்று ஒரு ஸ்கோர். அம்மாவுக்கு வயதுக்காக ஒன்று, மூட்டுவலிக்கு அடிக்கடி போடும் வலி மாத்திரைக்காக ஒன்று. என்னை மிகவும் யோசிக்க வைத்த இடம் இதுதான். இந்த ஸ்கோர் அதிகமாக வந்தால் பிளட் தின்னர் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டர் சொன்னது வேறு: "இதுல மாத்தக்கூடியது எதுன்னு பாருங்க. வயசை மாத்த முடியாது, வலி மாத்திரையை நிறுத்தலாம்." அன்றே அந்த மாத்திரையை நிறுத்தி, மூட்டுவலிக்குப் பாராசிட்டமாலும் பிசியோதெரபியும் என்று மாற்றினார்.

"அம்மா கீழே விழுந்தால்?" என்று கேட்டேன். வார்ஃபரின் என்ற பிளட் தின்னர் எடுக்கும் முதியவர்களை வைத்து 1999-ல் போட்ட ஒரு கணக்கைச் சொன்னார்: விழுவதால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியும் ஆபத்து, மருந்தின் நன்மையை மிஞ்ச வேண்டுமானால் ஆண்டுக்குச் சுமார் 295 முறை விழ வேண்டும். மாதிரிக் கணக்குதான், ஆனால் எது பெரிய ஆபத்து என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆஸ்பிரின் போதாதா என்றும் கேட்டேன். ஏஎஃப்பால் வரும் பக்கவாதத்தைத் தடுப்பதில் அது பலவீனமானது, ரத்தக்கசிவு ஆபத்து அதிலும் உண்டு என்றார். வார்ஃபரின் போன்ற மருந்து பக்கவாத வாய்ப்பை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது.

அம்மாவுக்கு எழுதிய பிளட் தின்னர் அபிக்ஸபான் 5 மில்லிகிராம், காலையும் இரவும். அம்மாவின் எடை 58 கிலோ என்பதால் பாதி அளவு போதுமே என்று உறவினர் ஒருவர் சொன்னார். வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல்; இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் அளவைக் குறைப்பார்கள். அம்மாவுக்கு ஒன்றுதான். பயத்தில் அளவைக் குறைத்தால் பாதுகாப்பும் குறைந்துபோகும்.

சாதாரணமாகத் தெரியும் ஈசிஜியிலிருந்தே ஏஎஃப்பைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்டேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனைக் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், துடிப்பு சீராக இருந்த நேரத்தில் எடுத்த ஈசிஜியை வைத்து, ஏஎஃப் உள்ளவர்களில் சுமார் 79 சதவீதம் பேரை மென்பொருள் கண்டுபிடித்தது. ஏஎஃப் இல்லாதவர்களில் ஐந்தில் ஒருவரையும் அது தவறாகக் காட்டியது. அதனால் அதை மட்டும் நம்பி மாத்திரை தொடங்க முடியாது. யாருக்குப் பேட்ச் போட்டுப் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்க அது பெரிய உதவியாக இருக்கும், அந்த வசதி எல்லா வார்டுக்கும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இப்போது சிறுநீரகப் பரிசோதனை குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறை. மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. பல் பிடுங்குவதானாலும் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். அம்மா மாத்திரை போட்ட நேரத்தையும் தினமும் குறித்து வைக்கிறோம். வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் என்று ஏதாவது வந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிளட் தின்னர் எடுப்பவருக்கு அந்த ஊசியைப் போடலாமா என்று முடிவு செய்ய, கடைசி மாத்திரை எப்போது என்பதைத்தான் மருத்துவமனையில் முதலில் கேட்பார்கள்.