வெயில் காட்டில் 11.4

ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியை மட்டும் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள். வைட்டமின் டி 11.4. பக்கத்திலேயே ‘குறைபாடு’. 20-க்குக் கீழே போனாலே இங்கே பல லேப்களில் அப்படித்தான் போடுகிறார்கள். முதல் ஐவிஎஃப் (கருமுட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கிக் கருப்பையில் வைக்கிற முறை) கைகூடாமல் போய் மூன்று மாதம் கழித்து, ரெண்டாவதாகப் போன இடத்தில் எடுத்த டெஸ்ட் இது. அங்கே ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் பேப்பரைப் புரட்டிவிட்டு, “இதை முன்னாடியே பார்த்திருந்தா கரு ஒட்டியிருக்குங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பைலை எடுத்துவிட்டார். அவருக்கு அது ஒரு வரி. நான் வீடு வந்து சேருகிற வரைக்கும் வண்டியில் அதையேதான் மென்றுகொண்டு வந்தேன்.

அத்தைக்கு வேறு சந்தேகம். “ஏங்கண்ணு, இந்த வெய்யக் காட்டுல இருந்துக்கிட்டு வெய்யில் சத்து பத்தலைன்னா என்ன கணக்கு?”

கணக்கு இருக்கிறது. அத்தை ஆடு ஓட்டிக்கொண்டு நடுமத்தியானம் காட்டில் நிற்பவர். நான் காலையில் ஊத்துக்குளியில் வண்டியை எடுத்தால் முகத்தைச் சுற்றித் துப்பட்டா, முழங்கை வரைக்கும் கிளவுஸ், கண் ரெண்டு மட்டும்தான் வெளியே. திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் ட்யூப் லைட்டுக்குக் கீழே ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வெளியே வந்தால் இருட்டியிருக்கும். தோலில் இந்த வைட்டமினை உண்டாக்குகிற கதிர் காலை இளவெயிலில் ரொம்பக் கம்மி, உச்சி வெயிலில்தான் நிறைய, ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. கறுத்த தோலுக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். அப்புறம் எங்கிருந்து ஏறும்?

வாரம் ஒரு பொட்டலம், 60,000 யூனிட், எட்டு வாரம். பாலில் கலக்கினால் பாதி கரையாமல் டம்ளர் ஓரத்திலேயே ஒட்டிக்கொள்ளும், ஸ்பூனால் சுரண்டிச் சுரண்டிக் குடிப்பேன். ஒரு துளி மிச்சம் வைத்தால் குழந்தையே போய்விடும் என்கிற மாதிரி ஒரு பயம். இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

ஏனென்றால் அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். கவுன்சிலர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 2018-ல் பர்மிங்காம் ஆராய்ச்சியாளர்கள் 11 ஆய்வுகளை, மொத்தம் 2,700 பெண்களை, சேர்த்துப் பார்த்தார்கள். வைட்டமின் டி போதுமான அளவு இருந்தவர்களுக்குக் குழந்தை பிறக்கிற சாத்தியம், ஆட்ஸ் கணக்கில் (பிறப்பதற்கும் பிறக்காமல் போவதற்கும் உள்ள விகிதம்), 1.33 மடங்கு இருந்தது. ஆனால் இதெல்லாம் இருப்பதை அளந்து பார்த்த ஆய்வுகள், கொடுத்துப் பார்த்தவை அல்ல. எங்கள் பக்கம் கிணற்றில் தண்ணி இருக்கிற வீட்டு வாசலில்தான் புல்லட் நிற்கும், அதற்காகக் காய்ந்துபோன தோட்டத்துக்காரருக்கு ஒரு புல்லட் வாங்கிக் கொடுத்தால் போர்வெல்லில் தண்ணி வந்துவிடுமா? உடம்பு எடை கூடினால் ரத்தத்தில் வைட்டமின் டி இறங்கும், அதே எடை ஐவிஎஃப்-ஐயும் பாதிக்கும். எது எதனால் என்று அளவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

கொடுத்தும் பார்த்தார்கள், இத்தாலியில். 2021-ல் வெளிவந்தது. அளவு 30-க்குக் கீழே இருந்த 630 பெண்கள், பாதிப் பேருக்கு ஐவிஎஃப்-க்கு முன்னால் ஒரே தடவையாக 6 லட்சம் யூனிட், மீதிப் பேருக்கு வெறும் டம்மி மருந்து. கரு தங்கியது மருந்து எடுத்தவர்களில் 37 சதவீதம், டம்மி எடுத்தவர்களில் 40. ஏறவில்லை. எல்லாரும் சரியான எடையில் இருந்த பெண்கள், டோஸும் ஒரே தடவைதான், அதனால் இதோடு விஷயம் முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் “ஒட்டியிருக்கும்” என்று ஒருத்தியின் முகத்துக்கு நேராகச் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

குறைவாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நானும் எடுத்தேன், எலும்புக்கும் நாளைக்கு வயிற்றில் வரப்போகிற பிள்ளைக்கும் அது வேண்டும். வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு விழுங்கிவிடாதீர்கள், கொழுப்பில் தங்குகிற சத்து இது, மீறினால் கால்சியம் ஏறி வாந்தியில் ஆரம்பித்துக் கிட்னி வரைக்கும் போகும். ஆனால் 36, 37 வயதில் இருப்பவர்கள் நம்பர் ஏறட்டும் என்று ஐவிஎஃப்-க்குக் கருமுட்டை எடுப்பதையே தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முட்டைக்கு வயசு ஏறுவது காத்திருக்காது.

எனக்கு இப்போது 38. வயசு இல்லை, வைட்டமின்! போன மாதம் முட்டை எடுத்து, ரெண்டு எம்பிரியோ (கரு) உறைய வைத்திருக்கிறார்கள், அதற்கு வயசு ஏறாது. டாக்டர் ஆடியிலேயே வைத்துவிடலாம் என்கிறார். அத்தை ஆவணி பிறக்கட்டும் என்கிறார். எங்க வீட்டுக்காரர் ரெண்டு பேருக்கும் “சரிங்க” என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.