காராவில் இரண்டாவது இரவு: பின் பாபா கணவாய்க்குக் கிளம்பும் வேலூர்க்காரர்களுக்கு

கேதாரகந்தா, ஹம்ப்டா மாதிரி இமயமலை ட்ரெக்கிங் பாதைகளெல்லாம் பார்த்து முடித்த நண்பர் குழுக்கள் அடுத்ததாகக் கேட்பது ஒன்றுதான்: கூட்டமே இல்லாத கணவாய் ஏதாவது இருக்கிறதா? பின் பாபாவைத் தாராளமாகச் சொல்லலாம். இமாசலத்தின் கின்னௌர் மாவட்டத்தில் காஃப்னு கிராமத்தில் ஏறி, ஸ்பிதி பள்ளத்தாக்கின் முத் கிராமத்தில் இறங்கும் பாதை. கணவாயின் உயரம் சுமார் 4,900 மீட்டர். ஏறும் பக்கம் தேவதாரு, ஓடை, புல்வெளி. இறங்கும் பக்கம் புல் பூண்டு இல்லாத பழுப்பு மலை. பருவமழை மேகம் அந்த முகட்டைத் தாண்டுவது அபூர்வம் என்பதால், ஒரே நாளில் இரண்டு நாடுகளைப் பார்த்த மாதிரி இருக்கும்.

நடை ஐந்து நாள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஏழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

இரவு தங்கும் இடங்களின் உயரத்தை வரிசையாக எழுதிப் பாருங்கள். காஃப்னு ஏறக்குறைய 2,400 மீட்டர், முல்லிங் 3,250, காரா 3,500, ஃபுஸ்டிரங் 4,100. மறுநாள் கணவாய். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. காராவிலிருந்து ஃபுஸ்டிரங் போகும்போது அந்த விதி உடைகிறது. அடுத்த நாளே இன்னும் 800 மீட்டர் ஏறுகிறோம். நம்ம ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 215 மீட்டர்தான். கணவாயின் மேல் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் ஏறக்குறைய 55 சதவீதம். உடம்பு அதற்குப் பழகக் கேட்பது நேரம் மட்டுமே. ஆகவே ஒரு கூடுதல் இரவு காஃப்னுவில், இன்னொன்று காராவில். காராவில் தங்கும் அந்த நாளில் படுத்தே கிடக்க வேண்டாம். ஃபுஸ்டிரங் திசையில் 200, 300 மீட்டர் ஏறி, அரை மணி உட்கார்ந்துவிட்டு, இறங்கி வந்து தூங்குங்கள்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசதி இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அது மலை நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபுஸ்டிரங்கில் லேசான தலைவலி இருப்பவர்கூட மறுநாள் கணவாய்க்குப் போகக் கூடாது. அங்கிருந்து கீழே காராவுக்கு 600 மீட்டர் இறக்கம், சில மணி நேரத்தில் போய்விடலாம். முத் பக்கம் இறங்க வேண்டுமென்றால் முதலில் 800 மீட்டர் ஏறியாக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமல் விடவில்லை என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறது. ஒரு காலின் நுனிவிரலுக்கு முன் மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது தள்ளாடினால் மூளை வீங்குகிறது. இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டார்ச் வைத்துக்கொண்டு அப்போதே இறக்குங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் குளிர்ந்த விரலில் தப்பாகக் காட்டும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

மலை நோயைத் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி: ஏற்றத்துக்கு முந்தைய நாள் தொடங்கி 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று என்பது வழக்கமான அளவு. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆபத்து. ஊரிலேயே டாக்டரைப் பார்த்துக் கேட்டுவிட்டு, ஒன்றிரண்டு மாத்திரை இங்கேயே போட்டுப் பாருங்கள். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், சிறுநீர் அதிகம் போகும். முதல் அனுபவம் மலையில் கூடாரத்துக்குள் வேண்டாம்.

உயரத்துக்கு வேலூரில் பயிற்சி கிடையாது. காலுக்கு உண்டு, அதுவும் அருமையாக. சோளிங்கர் பெரியமலை, 1305 படி. எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் வெறும் கையோடு, பிறகு 5 கிலோ, கடைசி மூன்று வாரம் 8 கிலோ பையோடு ஒரே காலையில் இரண்டு முறை ஏறி இறங்கவேண்டும். இப்போது ரோப் கார் இருக்கிறது. இறங்குவதற்கு அதைப் பிடிக்காதீர்கள். கணவாய்க்கு அப்புறம் தொடையையும் முட்டியையும் உடைப்பது இறக்கம்தான், படியில் இறங்கித்தான் அந்தத் தசை பழகும். சித்திரை வெயிலில் காலை ஐந்து மணிக்கே படியில் கால் வைத்துவிட வேண்டும். தின்பண்டத்தைப் பைக்குள் பூட்டி வையுங்கள், அங்கே குரங்குகள் ராஜ்யம்.

ஷூ விஷயம் ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நாலு வருஷம் முன்பு வாங்கி அலமாரியில் பெட்டியோடு வைத்த ட்ரெக்கிங் ஷூ புதிதாகத்தான் தெரியும். ஆனால் அடிப்பாகத்துக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் பாலியூரித்தேன் நுரை, நம்ம ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கும். கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். மெல்லிய சுருக்கமாக வெடித்தாலோ, நகத்தால் சுரண்டும்போது ரொட்டித் தூள் மாதிரி உதிர்ந்தாலோ அது கணவாய் வரை வராது. அந்த இடத்தில் பசை ஒட்டாது, ஒட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. புது ஷூ என்றால் குறைந்தது 50 கிலோமீட்டர் நடந்து பழக்கிவிட்டுத்தான் பையில் வைக்க வேண்டும். தடித்த சாக்ஸோடு போட்டு, முன்விரலுக்கு ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் முத் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். வழியில் ஷூ பிரிந்தால் கட்டவும் தைக்கவும் குழுவுக்கு ஒரு கொத்து பிளாஸ்டிக் கேபிள் டை, ஒரு தடித்த ஊசி, மெழுகு நூல். போதும்.

காராவைத் தாண்டும்போது ஆற்றில் இறங்க வேண்டும். பனி உருகும் நேரத்தைப் பொறுத்து அதன் ஆழம் மாறும்: விடியற்காலை கணுக்கால் அளவு இருப்பது, மதியம் முட்டிக்கு மேல் வரலாம். எனவே காலையிலேயே கடந்துவிடுங்கள். வெறுங்காலோடு இறங்காதீர்கள், குளிரில் கால் மரத்ததும் எதை மிதிக்கிறோம் என்றே தெரியாது. பட்டை வைத்த செருப்பு தேவை. பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டும். முகம் நீர் வரும் பக்கம் பார்த்திருக்க, கோலை முன்னால் ஊன்றி, ஒரு சமயத்தில் ஒரு காலை மட்டும் எடுத்துப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கரை ஏறியதும் முதல் வேலை விரலிடுக்கைத் துடைப்பது.

சாப்பாட்டில் நம் ஆட்கள் ஏமாறுவது சோற்றில். ஃபுஸ்டிரங்கில் தண்ணீர் 86 டிகிரிக்கே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி வெளியே குழைந்து நடுவில் கல்லாக நிற்கும். சமையல்காரரிடம் குக்கர் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஆற்காட்டு மக்கன்பேடா ஊரிலேயே இருக்கட்டும், பாகு ஒழுகும். கடலை மிட்டாயும் பேரீச்சையும் மேல்சட்டைப் பையில் வையுங்கள். தண்ணீர் ஒரு நாளைக்கு நாலு லிட்டர். ஓஆர்எஸ் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டி தலைதட்டி.

கணவாய் நாளில் காலை நாலு மணிக்குப் புறப்பாடு. அந்த உயரத்தில் பையோடு மணிக்கு 150 முதல் 200 மீட்டர் ஏறினால் நல்ல வேகம். ஆக நாலைந்து மணி நேரம். ஜூனில் சரிவெல்லாம் பனி. விடியலில் அது இறுகிக் கிடக்கும், வழிகாட்டி வெட்டிய படியில் மைக்ரோஸ்பைக் (ஷூவுக்கு அடியில் மாட்டும் சின்ன இரும்பு முட்கள்) மாட்டி ஏறலாம். பத்து மணிக்கு மேல் இளகி, ஒவ்வொரு அடிக்கும் தொடை வரை உள்ளே போகும். அப்போது அரை கிலோமீட்டர் என்பது இரண்டு மணி நேரம். ஆகஸ்டில் பனிக்குப் பதில் சரளை. மேலே நடப்பவர் காலடியில் கல் உருளும். நேர் கீழே யாரும் நிற்காமல் சாய்வாக விலகி ஏற வேண்டும். திரும்பும் நேரத்தை முந்தைய இரவே பேசி முடியுங்கள்: பதினோரு மணி. எல்லோரும் தெளிவாக இருக்கும்போது எடுத்த முடிவை, உச்சிக்கு நூறு மீட்டர் கீழே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மாற்றாதீர்கள். குழுவில் வயதில் பெரியவர் ஒருவர் ‘போதும்பா, இறங்கலாம்’ என்றால் அதற்கு மேல் பேச்சு வேண்டாம் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அந்தப் பக்கம் இறங்கும்போது கோலின் நீளத்தை 5 முதல் 10 சென்டிமீட்டர் கூட்டி, குதிகாலை அழுத்தி ஊன்றுங்கள். மங்ருங்சேயில் ஒரு இரவு, மறுநாள் முத்.

போக்குவரத்துக்கும் நாள் கூடுதலாக வைக்கும் இதே கணக்குதான். காட்பாடியிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் டில்லிக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள். அங்கிருந்து சிம்லா, பிறகு ரெக்காங் பியோ பேருந்தில் ஏறி வாங்டுவில் இறங்கி, காஃப்னு. அந்த நெடுஞ்சாலையில் மழைக்காலத்தில் மலை சரிவது வழக்கம். 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் சரிந்தது அரசுப் பேருந்தின் மேலேயே. எனவே மழை கொட்டும் நாளில் அந்தச் சாலையில் போகாமல் வழியில் உள்ள ராம்பூரிலேயே தங்கிவிடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும். திரும்பும் டிக்கெட்டை, முத்தில் இறங்கும் நாளிலிருந்து ஐந்து நாள் தள்ளிப் போடுங்கள்.